பி பக்கம், இரண்டாவது பாட்டு

அந்தக் கேசட்டில் மொத்தம் ஏழு பாட்டு. ஏ பக்கம் நான்கு, பி பக்கம் மூன்று. அட்டைப் படம் படு மட்டம். கறுப்புப் பின்னணியில் ஒரு மண்டையோடு, அதற்குப் பின்னால் எங்கள் ஊர் பழைய கோட்டை வாசல். வரைந்தவனுக்கு மண்டையோடும் வரவில்லை, கோட்டையும் வரவில்லை. கோட்டை மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கும். உள்ளே இருந்த இசையை அப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. நான் தள்ளினேன், அதுவும் அச்சில். அந்தக் குழுவுக்கு டிரம் அடித்தவன் என் கூடப்பிறந்த அண்ணன்.

த்ராஷ் மெட்டல் கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கித்தாரும் டிரம்மும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். பாடுகிறவன் பாடமாட்டான், திட்டுவான். முதல் தடவை கேட்டபோது அம்மா, யாரையாவது கட்டிவைத்து அடிக்கிறார்களா என்று கேட்டாள். நாடு சுதந்திரம் அடைந்து முப்பது வருடம் தாண்டியிருந்த சமயம் அது. எங்கள் ஊர் மலாக்காவில் பத்துப் பதினைந்து குழுக்கள் இருந்தன. எல்லாரும் மூன்று நிமிடத்தில் முடிகிற, ஒரே ஓட்டமாக ஓடுகிற பாட்டுதான் அடித்தார்கள். இவர்கள் மட்டும் எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று இழுத்தார்கள். நடுவில் தாளம் மாறும். ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்று நடக்க ஆரம்பிக்கும், பிறகு மறுபடி ஓடும். இதற்குப் புரோகிரசிவ் என்று பெயர் இருப்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியும். அப்போது தலை சுத்துற பாட்டு என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

நான் பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரம் பார்க்கிறவள். ஒரு சில்லில் தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டியிருப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்து, கம்பி வளைந்திருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பழுது இருந்தால் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தள்ளிவிடுவேன். ஏன் பழுதானது என்று கேட்பது என் வேலை இல்லை. அதற்கு மேலே இஞ்சினியர் இருந்தார். ஒருமுறை, இது மெஷின் சூட்டினால் வந்திருக்கலாம் என்று சொன்னதற்கு, உன் கண்ணை மட்டும் வேலைக்கு வை, வாயை வீட்டில் வை என்று சூப்பர்வைசர் சொன்னாள். அன்றிலிருந்து காரணம் பார்ப்பதை விட்டுவிட்டேன். குறை கண்டுபிடிப்பதில் அந்த லைனில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சொல்லப்போனால் எனக்கு அதில் ஒரு கர்வமே இருந்தது.

அந்தக் கர்வத்தில்தான் பத்திரிகை நடத்தினேன். பத்திரிகை என்றால் பதினாறு பக்கம், டைப்ரைட்டரில் மலாயில் அடித்து, போட்டோஸ்டேட் கடையில் நகல் எடுத்து, நடுவில் இரண்டு ஊசி குத்தியது. ஈப்போ, ஜொகூர், கோலாலம்பூர் என்று தபாலில் போகும். ஆசிரியர் பெண் என்று வெளியூர்க்காரர்கள் யாருக்கும் தெரியாது. எல்லாக் கடிதமும் சகோதரரே என்றுதான் ஆரம்பிக்கும். நானும் திருத்தவில்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் இரண்டு பத்தி எழுதுவேன். இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை. தொழிற்சாலைப் படிவத்தைப் பார்த்து நான் போட்டுக்கொண்ட முறை அது. என் குறைப் பத்திக்குப் பயந்தே கேசட் அனுப்பாதவர்கள் இருந்தார்கள்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகிற சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் மெக்கானிக். சின்ன வயதிலேயே உறுமி மேளக் குழுவில் அடித்துப் பழகியவன். கம்போங் செட்டி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அடிக்கப் போன இடத்தில்தான் கித்தார்காரனைப் பார்த்தான். கித்தார்காரன் மலாக்காச் செட்டி, தமிழ் மறந்து மலாய் பேசுகிற பழைய குடும்பத்துப் பையன். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு தெருதான். அவர்கள் இந்த ஊருக்கு வந்து பல நூறு வருடம், எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தது நேற்று. சாமி ஒன்று, பாஷை வேறு. அண்ணனும் அவனும் பேசிக்கொண்டது குறைவு. ஒருத்தன் கித்தாரில் ஒன்றைத் தட்டுவான், மற்றவன் மேசையில் அதைத் திருப்பித் தட்டுவான். பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய டயர் அறையில் ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் பயிற்சி நடக்கும். பாடகனும் பேஸ் கித்தார் வாசிப்பவனும் பிறகு வந்து சேர்ந்தார்கள்.

சிரம்பானில் ஒரு கடைமாடியில் மூன்று நாளில் அந்த ஏழு பாட்டையும் பதிவு செய்தார்கள். தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம். முதல் நாள் ஏ பக்கம், இரண்டாம் நாள் பி பக்கம், மூன்றாம் நாள் குரல். திரும்பி வந்து அண்ணன் ஒரு முழுப் பகல் தூங்கினான். கேசட் கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. முதல் பிரதியை என்னிடம் கொடுத்தான்.

"நீ எழுது. அண்ணன்னு பாத்து இனிக்க இனிக்க எழுதாத," என்றான்.

அதற்குள் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. குழுவில் என் அண்ணன் இருப்பது தெரிந்த விஷயம்தான், நானே முன்பு ஓர் இதழில் எழுதியிருந்தேன். இந்தத் தடவை குறைப் பத்தி காலியாக இருக்குமே என்று ஜொகூர்க்காரன் ஒருவன் எழுதினான். ஈப்போக்காரன் இன்னும் மோசம். சொந்த ரத்தம் என்றால் உங்கள் பேனா மையிலும் இனிப்பு வந்துவிடும், பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இதுவரை எவனுக்கும் ஜால்ரா போட்டதில்லை, அண்ணனுக்குப் போடுவேனா என்று சொல்லிக்கொண்டேன். அங்கேயே நான் தவறிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. மற்றவர்களை அளந்த கோலால் அவனை அளந்திருந்தாலே போதும். நான் அவனுக்கென்று நீளமான கோலாக எடுத்தேன்.

ஒரு வாரம் கேட்டேன். காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் கடிகாரமும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்காருவேன். எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றையும் குறித்தேன்.

நிறைகள் இருந்தன. இல்லையென்று நான் எழுதவில்லை. ஏ பக்கம் முதல் பாட்டு ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில், இனி இப்படியேதான் ஓடப்போகிறது என்று நினைக்கிற இடத்தில், எல்லாம் அடங்கிவிடும். கித்தார் ஒற்றை ஒற்றைக் கம்பியாக, வெறிச்சோடிய தெருவில் ஒருவன் நடந்து போகிற மாதிரி போகும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி வேகம் பிடிக்கும்போது முன்பு கேட்ட அதே வேகம் இரண்டு மடங்காகத் தோன்றும். ஏழு பாட்டிலும் இந்த மாதிரி இடம் உண்டு. சிலவற்றில் இரண்டு. இந்த நாட்டில் யாரும் அப்போது அப்படிச் செய்யவில்லை. வெளிநாட்டுக் கேசட்டுகளிலேயே ஒன்றிரண்டில்தான் கேட்டிருந்தேன். அந்த இடங்களுக்காகவே இந்தக் கேசட் நிற்கும், இது கித்தார்காரனின் மூளை என்று நிறைப் பத்தியில் எழுதினேன்.

பி பக்கம் இரண்டாவது பாட்டு அப்பாவைப் பற்றியது. வார்த்தை அண்ணன் எழுதியது. சுதந்திரம் கிடைக்கப்போகிற தேதியை எங்கள் ஊர்த் திடலில் வைத்துத்தான் முதலில் சொன்னார்கள். அப்பா தோட்டத்திலிருந்து லாரியேறி அதைக் கேட்க வந்தார். கூட்டத்தில் கடைசியில் நின்றதால் ஒன்றும் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டாராம். அவன் பதில் சொல்லாமல் கைதட்டினானாம், இவரும் தட்டினாராம். அதற்குப் பிறகு முப்பது வருடம் இதே நாட்டில் இருந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாளக் கார்டோடுதான் செத்தார். குடியுரிமைக்கு எப்போது, எங்கே மனு போடுவது என்று சொன்னவர்கள் சொன்னதும் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. பாட்டு ஒன்பது நிமிடம். நான்காவது நிமிடத்தில் கூட்டம் கைதட்டுகிற இடம் வரும். டிரம்முக்கென்றே வைத்த இடம். வலது கை தகட்டைத் தட்ட, இடது கை ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் விடாமல் விழ வேண்டும்.

அங்கேதான் நான் பென்சிலை வைத்தேன். இடது கை விழவில்லை. சரியாகச் சொன்னால், விழுந்தது, அடிக்கவில்லை. பத்து அடியில் மூன்று அடி வெறுமே தோலைத் தொட்டுவிட்டுப் போயின. திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் இன்னும் மோசம். ஏ பக்கத்தைத் திரும்பப் போட்டேன், அங்கேயும் கடைசிப் பாட்டில் லேசாக இருந்தது. மற்றவர்கள் காதுக்குத் தெரியாது. கம்பி ஒரு மயிரில் கால்வாசி விலகியிருப்பதைப் பார்க்கிறவளுக்குத் தெரியும். கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

குறைப் பத்தியில் இரண்டு விஷயம் எழுதினேன். ஒன்று, பி பக்கம் இரண்டாவது பாட்டு நான்காவது நிமிடத்திலிருந்து டிரம்மரின் இடது கை சோர்கிறது, அதற்குமேல் கடைசிவரை எழவில்லை, பயிற்சி செய்யாத சோம்பேறித்தனம். இரண்டு, மெதுவான இடங்களில் எல்லாம் அடியில் ஓர் உறுமல் கேட்கிறது, குளிர்பெட்டி ஓடுகிற மாதிரி, இது ஒலிப்பதிவுக் கோளாறு. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். இந்தக் குழு மேலே வர வேண்டுமென்றால் வேறு டிரம்மரைத் தேட வேண்டும்.

இதழ் வந்த அன்று மாலை அண்ணன் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தான். நான் அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கு வருவான், வந்தால் கடிகாரத்தையும் கேசட்டையும் வைத்து நிரூபிக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவன் குறைப் பத்தியை இரண்டு தரம் படித்தான். விரல் வைத்துப் படித்தான்.

"நல்லாக் கேட்டிருக்க," என்றான். பிறகு சாப்பிட்டான்.

அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. குற்றம் பார்த்தால் சுற்றம் இல்லை, இதுகூடவா உனக்குத் தெரியாது என்று கேட்டாள். இது வீட்டு விஷயம் இல்லை, பத்திரிகை விஷயம் என்று நான் சட்டம் பேசினேன்.

அடுத்த மாதமே கோலாலம்பூரில் ஒரு பெரிய நிகழ்ச்சிக்குக் குழுவைக் கூப்பிட்டார்கள். பாடகனும் பேஸ்காரனும் என் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் தங்கச்சியே எழுதியிருக்கிறாள், இதற்குமேல் என்ன வேண்டும் என்று பேசினார்களாம். யாரும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க என்று அண்ணனே சொல்லிவிட்டான். ஜாசினிலிருந்து ஒருவனைப் பிடித்தார்கள். நல்ல வேகமான கை. கோலாலம்பூரில் மெதுவான இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு நான்கு நிமிடப் பாட்டாக அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கூட்டம் குதித்தது, ஆனால் மறுநாள் எந்தப் பாட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு வருடத்துக்குள் குழு உடைந்தது.

அண்ணன் டிரம் குச்சிகளை அலமாரிமேல் போட்டுவிட்டான். நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பட்டறை, வீடு, தூக்கம், அவ்வளவுதான் அவன் நாள். உம்மென்று இருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு விமர்சனத்தைத் தாங்காதவன் எதற்கு மேடை ஏற வேண்டும் என்று அவன் காதுபடவே சொன்னேன். அந்தச் சமயத்தில் அவன் ஸ்பேனரைக் கீழே போடுவது அதிகமாகியிருந்தது. உருவி விடுகிற மலாய்க்காரர் ஒருவரிடம் தோளைக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. தீபாவளிக்கு முந்தின நாள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா எதிரில் வந்து நின்றான். பொத்தானைப் போட்டுவிடு என்றான். இருபத்தாறு வயது. அம்மா சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். பிறகு அவன் இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை இல்லை. குழி விழுந்திருந்தது. அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் மின்சாரமும் வைத்து என்னென்னவோ பார்த்தார்கள். கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி என்று மலாயில் சொன்னார். மருந்து இல்லை என்பதையும் அதே குரலில் சொன்னார். பிறகு, முதன்முதலில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். ஆரம்பித்த நாள் தெரிந்தால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஓரளவு கணக்குப் போடலாம் என்றார். அம்மா தீபாவளிக்கு முந்தின நாளைச் சொன்னாள். டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைக் காட்டினான்.

"அவளக் கேளும்மா. அவதான் எழுதி வச்சிருக்கா."

நான் சொன்னேன். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம், பதிவின் இரண்டாம் நாள், பி பக்கம் இரண்டாவது பாட்டு, நான்காவது நிமிடம். முதல் நாளே லேசாக இருந்தது என்பதையும் சொன்னேன். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். டேப் இருக்கிறது என்றேன். அவர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். மாதங்களை விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் பேனாவை மூடிவிட்டார். சோம்பேறித்தனம் என்று நான் எழுதியது அண்ணனின் வியாதிக் கோப்பில் முதல் வரியாகப் போய் உட்கார்ந்தது.

ஊருக்குத் திரும்பிய வாரம் கித்தார்காரன் வீட்டுக்கு வந்தான். குழுவை விட்டு அவனும் விலகியிருந்தான். உள்ளே வராமல் மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தான். என்னை எப்போதும் 'அடிக்' என்றுதான் கூப்பிடுவான், மலாயில் தங்கச்சி என்று அர்த்தம். அன்று அப்படிக் கூப்பிடவில்லை. மலாயில் அவன் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தப் பாட்டெல்லாம் முதலில் நாலு நிமிடம்தான். மூன்று நிமிடத்துக்குமேல் கை ஓய்ந்துபோகிறது, நடுவில் ஓர் இடம் விடு என்று உன் அண்ணன் கேட்டான். விட்டேன். பிறகு ஒன்று போதாமல் இரண்டு கேட்டான். அதை நீ என் மூளை என்று எழுதினாய்."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். மாரியம்மன் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டான் என்றான். வெறும் களைப்பு, கேசட் வந்துவிட்டால் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அதற்குமேல் அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளம்பிப் போய்விட்டான்.

நான் இடது பத்தியில் புகழ்ந்ததும் வலது பத்தியில் இகழ்ந்ததும் ஒரே கையிலிருந்து வந்தவை. கை ஓய்ந்ததால்தான் அந்தப் பாட்டுகளுக்கு அந்த இடங்கள் கிடைத்தன. கை ஓயாமல் இருந்திருந்தால் அதுவும் பத்தோடு பதினொன்றாக ஒரு கேசட். கை சோர்ந்ததைப் பிடித்துக்கொண்டு வந்த என் காதுக்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் கேட்காதே என்றார்கள், சரி. வீட்டில் யார் கேட்காதே என்றார்கள்?

அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ எழுதியிருக்க மாட்ட."

மாட்டேன்தான் என்றேன்.

"அப்புறம் டாக்டர்கிட்ட என்னா சொல்லியிருப்ப?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பொறுத்திருந்தான். பிறகு எழுதியதைத் திருத்தி எழுது என்றான். குறையை எடுத்துவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்ததும் தடுத்துவிட்டான்.

"அதத் தொடாத. அது நெசம். மெதுவா வர்ற எடம் இருக்கில்ல, அது அவன் ஒருத்தன் போட்டதில்ல. அதுல என்னையும் சேத்து எழுது. அது போதும்."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுதியதெல்லாம் இரக்கமாக வந்தது. இரக்கத்தில் எழுதியதை அவன் கண்டுபிடித்துவிடுவான். பத்திரிகையையே நிறுத்திவிட்டேன். ஒன்றரை வருடம் ஓடிற்று. அதற்குள் இடது கை முழுதும் போய், வலது கையும் போய், பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. அவன் ஒரு தடவைகூட எழுதினாயா என்று கேட்கவில்லை.

அந்தச் சமயம் எனக்கு இரவு ஷிப்ட். பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது என் முறை. அம்மா பாசாரில் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். அலமாரியைக் கண்ணால் காட்டினான். கேசட்டைக் கேட்கிறான் என்று புரிந்தது. ஹெட்போன் அவன் தலையில் நிற்காது என்பதால் கேசட் ரேடியோவிலேயே போட்டேன். பி பக்கம்.

இரண்டாவது பாட்டில் கைதட்டுகிற இடம் வந்து, இடது கை சோர்ந்து, பிறகு மெதுவான இடம் வந்தது. போர்வை ஆடியது. கால் இழுத்துக்கொண்டதோ என்று பயந்து போர்வையை விலக்கினேன். இரண்டு பாதமும் மாறி மாறி மெத்தையை மிதித்துக்கொண்டிருந்தன. வேகமாக, ஒரே சீராக. கை கால் விளங்காதவன் என்று ஊர் சொல்கிற ஆளுக்குக் கால் மட்டும் இன்னும் இருந்தது. நான் பிடித்துவிடப் போனேன்.

"கேளு," என்றான். அந்த ஒரு சொல்லுக்கே அவனுக்கு வாய் கோணிற்று.

ரேடியோவின் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். அடியில் அந்த உறுமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக் கோளாறு என்று நான் எழுதிய உறுமல். பாதங்கள் நின்றன, உறுமல் நின்றது. அடுத்த மெதுவான இடத்தில் பாதங்கள் ஆரம்பித்தன, உறுமல் ஆரம்பித்தது. பெரிய டிரம்முக்கு அவன் இரட்டை மிதி வைத்திருந்தான். கைக்கு ஓய்வு கொடுத்த இடங்களில் காலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறான். சிரம்பான் மாடியில் பதிவு செய்தவனின் மைக்குக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, அடிகள் ஒன்றோடொன்று கொழகொழவென்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பாட்டு நடப்பதாக எனக்குக் கேட்ட இடங்களிலெல்லாம் அடியில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். அதனால்தான் வேகம் திரும்பி வரும்போது இரண்டு மடங்காகத் தோன்றியிருக்கிறது. கித்தார்காரனுக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.

ஓய்வு என்றுதானே கேட்டாய், ஏன் கால் என்று கேட்டேன். அவன் பாதங்களை மறுபடி மிதித்துக் காட்டினான். சும்மா இருக்க முடியாதவன் அவன், அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றே எழுதினேன். ஒரே ஒரு பக்கம். இடது கை சோர்ந்தது உண்மை, அந்தக் குறையைத் திரும்பப் பெறவில்லை என்று முதல் வரி. சோம்பேறித்தனம் என்றது பொய், அது நோய். மெதுவான இடங்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்தவை. உறுமல் கோளாறு அல்ல, இரண்டு கால்கள், காதை அருகில் வைத்துக் கேளுங்கள். வேறு டிரம்மரைத் தேட வேண்டும் என்று எழுதியவள் தவறு செய்தாள். அப்போதுதான் பெண் என்று முதல் தடவையாகச் சொன்னேன். அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். சரி என்று தலையை ஆட்டினான். நாற்பது நகல் எடுத்து, பழைய விலாசங்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

பதில் ஒன்றுதான் வந்தது, அதுவும் ஈப்போவிலிருந்து. இரண்டே வரி. அண்ணன் சீக்காளி என்றால் வருத்தம், அதற்காக டேப் இரைச்சலையெல்லாம் திறமை என்று ஏமாற்றாதீர்கள், முதலில் எழுதியதுதான் நேர்மை என்று எழுதியிருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நம் ஆட்கள் சொல்வதை அவன் மலாயில் சொல்லியிருந்தான், அவ்வளவுதான். பொய் எழுதியபோது நம்பினார்கள், உண்மைக்கு ஜால்ரா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிற்பாடு வேலையை விடும்வரை மொத்தம் பன்னிரண்டு வருடம் கியூசியாக இருந்ததில் நான் மறைத்த ஒரே குறை அது.

அண்ணன் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலைப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். இரண்டு வாரம் அதைத் தாங்கினேன். மூன்றாவது வாரம் நானே ஒரு கடிதம் அடித்து, மடித்து, ஒரு பழைய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜொகூரிலிருந்து ஒருவன் எழுதியிருக்கிறான் என்று சொல்லிப் படித்தேன். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மறுபடி கேசட்டைக் கேட்டேன், கால்களைக் கேட்டேன், பி பக்கம் இரண்டாவது பாட்டில் கைதட்டல் முடிந்ததும் இரண்டு கால்களும் அந்தத் திடலிலிருந்து வீடுவரைக்கும் ஓடுவதைக் கேட்டேன், இந்த நாட்டில் இப்படி ஒரு டிரம்மர் இல்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச முயன்றான். நான் காதை அவன் வாயருகில் கொண்டுபோனேன்.

"இது நீ எழுதுனது," என்றான்.

கடிதத்தை மடிக்கப் போனேன். அவன் தலையை அசைத்துத் தடுத்தான்.

"இன்னொரு தரம் படி," என்றான்.